மொட்டப்பாறையில் கட்டிய மஞ்சள் கயிறு

மதுரை,
8-2-87

மகாராஜஸ்ரீ கைலாசநாதன் அத்திம்பேர் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் பட்டாபிராமன் சாஷ்டாங்கமாக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. (நேரில் செய்தால் எட்டு அங்கங்களில் வயிறு ஒன்றுதான் தரையைத் தொடுகிறது. ஆகவே இனிமேல் என் நமஸ்காரமெல்லாம் தபாலில்தான்.) இங்கே நான், ஸ்யாமளா, எங்களோடு தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் உங்கள் பெண் ஜானு, மூவரும் க்ஷேமம். நாகபுரியில் உங்கள் க்ஷேமத்துக்கும் பட்டு அக்காவின் முழங்காலுக்கும் மீனாக்ஷியிடம் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஜானுவுக்கு நீங்கள் அனுப்பிய கோலாப்பூர் செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். சொல்லக் கூடாது என்று ஸ்யாமளா வாயைக் கட்டியிருந்தாள். சொல்லிவிடுகிறேன். அது போன கார்த்திகை பிறப்பதற்கு முன்பே கோயில் வாசலில் காணாமல் போய்விட்டது. சாயங்காலம் வெறுங்காலோடு, பாதமெல்லாம் செம்மண்ணோடு குழந்தை வீட்டுக்கு வந்து நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே மேலக்கோபுர வாசலுக்குப் போய், செருப்புப் பார்த்துக்கொள்கிறவரோடு அரை நாள் சண்டை போட்டேன். அவர் அப்படி ஒரு செருப்பைக் கண்ணாலேயே பார்க்கவில்லை என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் விடவில்லை. கடைசியில் என்னை அங்கிருந்து கிளப்புவதற்காக, யாரோ விட்டுப்போன ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கையில் திணித்து அனுப்பினார். நஷ்ட ஈடு என்று அதை வாங்கிக்கொண்டு வந்து இப்போது கொல்லைப்புறம் போக நான்தான் போட்டுக்கொள்கிறேன். உங்கள் மைத்துனனை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிற்க. வீட்டு விலாசத்துக்கு எழுதினால் ஜானு பார்த்துவிடுவாள் என்று கல்லூரி விலாசத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. உறைமேல் சிவப்பு மையில் ‘அந்தரங்கம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தபடியால், ஆபீஸ் பியூன் முதல் லைப்ரேரியன் வரை எல்லோரும் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்துகொண்டேன். ஸ்யாமளாவின் திண்டுக்கல் சித்தப்பா மூலமாகத் தானாக வந்த ஜாதகம், உங்கள் ஜோசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்க்கிற அளவுக்குப் பொருந்தியிருக்கிறது. பையன் அனந்தராமன், பேங்கில் அதிகாரி, என் பழைய மாணவன். எல்லாம் சரியாக இருக்கிற நேரத்தில், பஜனை மண்டலியில் யாரோ ஒரு மதுரைக்காரர் உங்கள் காதில் போட்டிருக்கிறார்: இந்தப் பையன் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏற்கெனவே மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறான், வருஷா வருஷம் அங்கே போய்விட்டு வருகிறான் என்று. ‘உண்மையா பொய்யா என்று உடனே எழுது. உண்மையானால் பிலாயில் பார்த்து வைத்திருக்கிற பையனுக்குச் சரி என்று சொல்லிவிடப் போகிறேன். ஜானுவிடம் மூச்சு விடாதே’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அத்திம்பேர், நான் உங்களிடம் என்றைக்காவது பொய் சொல்லியிருக்கிறேனா? அக்காவை நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்கு வீணை தெரியும் என்று சொன்னது ஒன்றுதான். அதுவும் அப்பா சொல்லச் சொன்னது. ஆகவே இப்போதும் உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. மொட்டப்பாறைப்பட்டியில் அவன் மஞ்சள் கயிறு கட்டினான். என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு கயிறாக எடுத்துக் கொடுத்ததே நான்தான். கட்டியது ஒருத்திக்கு இல்லை. முந்நூறுக்கு மேல். அக்காவிடம் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எழுபத்தாறாம் வருஷம், தீபாவளி முடிந்த கையோடு, எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் பத்து நாள் முகாம் போட்டார்கள். வணிகவியல் வாத்தியாரான எனக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதிகாரியைத் தேர்ந்தெடுக்கிற மீட்டிங் அன்று நான் பல்வலி என்று லீவு போட்டிருந்தேன். வராதவன் தலையில் கட்டினார்கள். துணைக்கு அப்துல் அலீம், எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், கோரிப்பாளையத்துக்காரர், கழுத்தில் எப்போதும் விசிலோடு திரிகிறவர். தூங்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார்; குறட்டை விடும்போது மெலிதாக ஊதும். மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் பிறந்து வளர்ந்த பையன்கள், மண் என்றால் மார்க்கெட் கத்தரிக்காயில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் என்று நினைத்திருந்தவர்கள், அண்டா குண்டா பெட்ரோமாக்ஸ் சகிதம் ஒரு லாரியில் ஏறினார்கள். மேலூர் தாண்டுகிறவரை பாட்டு. கொட்டாம்பட்டி தாண்டி லாரி மண்பாதையில் இறங்கியதும் பாட்டு நின்று வாந்தி. அந்த லாரியின் டீசல் வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால், அத்திம்பேர், எனக்கு முப்பத்தேழு வயசு ஆகிவிடுகிறது.

மொட்டப்பாறைப்பட்டிக்குப் பேர் வைத்தவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஊருக்கு மேற்கே வழுக்கைத் தலைமாதிரி ஒரு பாறை, அதிலிருந்து கண்மாய்வரை நீளமாக ஒரு சரிவு. ஒரு காலத்தில் அடர்ந்த காடு என்றார்கள். விறகுக்கு வெட்டி, கரிக்கு வெட்டி, ஒன்றும் இல்லாமல் போய், மழை பெய்தால் சரிவிலிருக்கிற செம்மண்ணெல்லாம் கரைந்து ஓடிக் கண்மாயில் போய்ப் படிந்துவிடும். மேலே மண் இல்லை, கீழே தண்ணீர் நிற்க இடமில்லை. மழை கீறிய ஓடைகள் ஆள் இறங்கி ஒளிந்துகொள்கிற ஆழம். எங்கள் வேலை, ஓடைகளுக்குக் குறுக்கே கல் அடுக்கி மண்ணைத் தடுத்து, இடையில் குழி தோண்டி வேம்பும் புங்கனும் இலுப்பையும் நடுவது. மழைத்தண்ணீர் தங்குகிற மாதிரி ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்பக்கம் அரை வட்டமாக வரப்புப் போட வேண்டும் என்று பஞ்சாயத்து யூனியனிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அரை வட்டம் என்றால் பையன்களுக்கு வரவில்லை. அலீம் விசிலை ஊதி, “பெருநாளைக்குப் பிறை பாப்பீகள்ல, அதே மாதிரிடா” என்றார். அவ்வளவுதான், சரிவு முழுக்கப் பிறையாக முளைத்தது.

முதல் நாள் கடப்பாரை பிடித்ததிலேயே எல்லோர் கையும் கொப்புளித்துவிட்டது. உப்புமாவைக் கையால் எடுக்க முடியாமல் பனையோலையை மடித்து அள்ளிச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் கையால் சாப்பிட்டேன். மேற்பார்வை பார்க்கிறவனுக்குக் கொப்புளம் வராது. அந்த வயிற்றெரிச்சலில் பையன்கள் என் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். நானும் கன்று நட்டேன். நர்சரியிலிருந்து கன்றுகள் கறுப்பு பாலிதீன் பையில் வந்திருந்தன. வேருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று பையோடு சேர்த்தே நட்டேன். நான் நட்டதைப் பார்த்து நாலைந்து பையன்கள் அப்படியே நட்டார்கள். சாயங்காலம் அனந்தராமன் தயங்கித் தயங்கி வந்து, “சார், பையைக் கிழிச்சுட்டு நடணுமாம்” என்றான். அப்போது அவன் பி.காம். இரண்டாம் வருஷம். ஒல்லி, கண்ணாடி, பேச்சுக் குறைவு. கிழிக்காமல் நட்டது யார் என்று சத்தம் போட்டுக் கேட்டேன். முகாமே என்னைப் பார்த்தது. அன்றைக்கு விளக்கு வைக்கிறவரை எல்லோரும் மறுபடி தோண்டினோம். அலீம் விசிலை மட்டும் லேசாக ஊதினார்.

இவ்வளவும் செய்து சரிவில் கன்றுகள் வரிசையாக நின்றபோதுதான் கரஸ்பாண்டெண்ட் வந்தார். எங்கள் கல்லூரி கரஸ்பாண்டெண்ட் இல்லை. இது ஒரு கிடாய். ஆனால் அதே தாடி, அதே நடை, எதையும் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகு தலையிடுகிற அதே சுபாவம். பையன்கள் பார்த்த மாத்திரத்தில் பேர் வைத்துவிட்டார்கள். கரஸ்பாண்டெண்ட் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கன்றிலும் குருத்தை மட்டும் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே போனது. ஒரு பையன் கல்லை எடுத்தான். எங்கிருந்தோ ஓடி வந்து மொக்கைச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மொக்கைச்சாமிக்கு அப்போது என் வயசுதான் இருக்கும். அவர் சம்சாரம் தலைப்பிரசவத்தில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, மந்தைக் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அது. கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி விட்டிருந்தார். மூன்றாம் வருஷம் பொங்கலில் சாமிக்குப் போகும். அதுவரை யாரும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, ஏய் என்று அதட்டக்கூடக் கூடாது. யார் காட்டில் மேய்ந்தாலும் கும்பிட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். “அது மேல ஒரு கல்லு பட்டுச்சுன்னா என் வீட்டுலதான்யா விடியும்” என்றார். கைக்குழந்தையோடு அவர் சம்சாரம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பையன் கல்லைக் கீழே போட்டான்.

வேலி போடலாம் என்றார் அலீம். நல்ல யோசனை. சீமைக் கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்து, உடம்பெல்லாம் கீறிக்கொண்டு, சரிவைச் சுற்றி அடைத்தோம். முள்ளில் நெற்று தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆட்டுக்கு அந்த நெற்று என்றால் உயிர் என்பது மாசி வீதியில் யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் கரஸ்பாண்டெண்ட் வேலியில் நெற்றைச் சாப்பிட்டு, அதற்காக முள்ளை முட்டி இழுத்து, வழி பண்ணிக்கொண்டு உள்ளே போய் அதற்கு மேல் வேம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டது வேலி இல்லை, அத்திம்பேர், பந்தி.

பாதிச் சரிவு போய்விட்டது. நர்சரியில் இனிமேல் கன்று இல்லை என்றுவிட்டார்கள். கொப்புளம் உடைந்து துணி சுற்றிய கைகளோடு பையன்கள் பாறையில் உட்கார்ந்திருந்த மாதிரி, பரீட்சையில் போன பிறகுகூட அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூட்டையைக் கட்டிவிடலாம் என்று நானே மனசுக்குள் லாரிக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அப்போது அனந்தராமன் எழுந்து, மொக்கைச்சாமியும் பூசாரி வெள்ளைத்துரையும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அடி விழுந்தால் பெற்றோருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

“சாமி கெடாயை யாரும் தொடக் கூடாது, சரி. கன்னும் அதே சாமிக்கு நேர்ந்துவிட்டதா இருந்தா, அதைக் கெடாய் தொடலாமா?” என்று கேட்டான்.

வெள்ளைத்துரை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். ஊரில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. மரத்தை யாரும் நேர்ந்து விட்டதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, தன்னால் சொல்ல முடியாது, சாமியைத்தான் கேட்க வேண்டும் என்றார். பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி ஒப்புக்கொள்கிறது, சிவப்பு வந்தால் இல்லை. ஊரே மந்தையில் கூடியிருந்தது. என் பையன்கள், சினிமாவில் க்ளைமாக்ஸ் வந்தால்கூட விசிலடிக்கிறவர்கள், மூச்சு விடாமல் நின்றார்கள். அலீம் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றாததால் சஹஸ்ரநாமத்தில் நினைவிருந்த பகுதியைச் சொன்னேன். குழந்தை ஒரு பொட்டலத்தைத் தொட்டது, வேண்டாம் என்று அடுத்ததை எடுத்தது. வெள்ளை.

அதற்கப்புறம்தான், அத்திம்பேர், உங்கள் பஜனை மண்டலிக்காரர் சொன்ன அந்தக் கயிறு. கிடாய்க்குக் கட்டிய மாதிரியே கன்றுக்கும் கட்ட வேண்டும் என்றார் வெள்ளைத்துரை. நூல் வாங்கி, மஞ்சளில் நனைத்து, பாறையில் உலர்த்தினோம். ஒரே வெயில். அனந்தராமன் கன்று கன்றாகக் குனிந்து கட்டிக்கொண்டே போக, நான் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். அலீம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பட்டாபிண்ணே, எங்க ஆளுகளுக்கே நாலுக்கு மேல கிடையாது. உங்க பையன் ஒரே நாள்ல முந்நூறு முடிச்சுட்டானே” என்றார். சரிவே சிரித்தது. இந்த ஹாஸ்யம்தான் வாய் வாயாகப் போய், பத்து வருஷம் கழித்து, ரயிலேறி நாகபுரியில் உங்கள் காதில் வந்து இறங்கியிருக்கிறது. ஏற்றி விட்ட அலீம் இப்போது அரபு நாட்டில் தம்மாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

கட்டி முடித்ததும் வெள்ளைத்துரை, நேர்ந்தது யார் என்று ஒரு பேர் வேண்டும் என்றார். கல்லூரி என்று சொன்னோம். கல்லூரிக்கு அப்பா யார், ஆத்தா யார், அதெல்லாம் செல்லாது, ஓர் ஆள் வேண்டும் என்றார். முகாம் அதிகாரி என்ற முறையில் நான் ஓரடி பின்னால் போனேன். அலீம், தன் பேரைச் சொன்னால் வீட்டில் தன் அம்மா ஜெயினம்பு அடுப்பங்கரைக் கரண்டியோடு காத்திருப்பார் என்றார். அனந்தராமன் தன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டான். அப்புறம்தான் நிபந்தனை வந்தது. நேர்ந்தவர் வருஷா வருஷம் அதே மாதம் வந்து, பழைய கயிறை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்ட வேண்டும், நேர்த்திக்கடன் முடிகிறவரை. கிடாய்க்கு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். மரத்துக்கு?

வெள்ளைத்துரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சாமி மரத்தை வெட்டவும் கூடாது. “அப்ப முடியாது போலயே” என்றார்.

“எம்புட்டு நாளைக்குங்க?” என்று பையன் மதுரைப் பேச்சுக்கு வந்துவிட்டான்.

“மரம் நிக்கிற மட்டுக்கும். உங்களுக்கு அப்புறம் உங்க பிள்ளைக.”

தெரியாத்தனமாக மாட்டிக்கொண்டான், பாவம். கிடாய்க்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. ஆனால் மொக்கைச்சாமிக்குத் தெரியும். சாமி கன்றைச் சாமி கிடாய் தின்றால் பழி கிடாயின் சொந்தக்காரருக்கு என்று ஆகிவிட்டதா, மனுஷன் அன்று முதல் ஒரு கட்டுக் கடலைக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு கரஸ்பாண்டெண்டின் முன்னால் முன்னால் நடந்து, அதைக் கெஞ்சிக் கெஞ்சி ஊருக்கு மறுபக்கம் அழைத்துக்கொண்டு போனார். பல் துலக்கக் குச்சி ஒடிக்கிறவர்கள்கூடச் சரிவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். சாமி இடம் என்று ஆகிவிட்டதால் யாரும் அங்கே செருப்போடு ஏறுவதில்லை. கீழே மொக்கைச்சாமி வீட்டு வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் போவார்கள். கிள்ளின குருத்தெல்லாம் மழை பிடித்ததும் பக்கத்தில் துளிர்த்துக்கொண்டது.

நிறைவு விழாவுக்கு நிஜக் கரஸ்பாண்டெண்ட் காரில் வந்தார். போட்ட மாலையைக் கழற்றி நாற்காலிக் கையில் வைத்துவிட்டுத் தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், கரஸ்பாண்டெண்ட் மாலையைத் தின்னுது!” பேசிக்கொண்டிருந்தவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிடாய் நிதானமாகக் கடைசிச் செவ்வந்திவரை சாப்பிட்டு முடிக்க, ஊரே கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றது. அந்த மரியாதை தனக்குத்தான் என்று நினைத்து அவர் பேச்சை இன்னும் நீட்டினார். எனக்கு அந்த வருஷம் இன்கிரிமெண்ட் வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆடு மூன்றாம் வருஷம் சாமியிடம் போய்ச் சேர்ந்தது. மனுஷக் கரஸ்பாண்டெண்ட் சௌக்கியமாக இருக்கிறார். அனந்தராமன் படிப்பு முடித்து, பேங்கில் சேர்ந்து, எங்கெங்கோ மாற்றலாகி, எந்த ஊரிலிருந்தாலும் ஐப்பசியில் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவான். ஒரு வருஷம் கான்பூரிலிருந்து வந்தான். போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்து, வாத்தியார் என்கிற மரியாதையில் ஒரு மணி நேரம் காத்திருப்பான். மத்தியானத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஸ்யாமளா காபி கொடுத்து அனுப்புவாள். ஆகவே அவன் விஷயம் முழுக்க எனக்கு அத்துபடி.

இருந்தாலும் நீங்கள் விசாரி என்று எழுதிய பிறகு சும்மா இருக்கலாமா? போன ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மொட்டப்பாறைப்பட்டிக்கு நானே போனேன். பத்து வருஷத்துக்கப்புறம். பஸ் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்து, தப்பான ஊரில் இறக்கிவிட்டான் என்று கண்டக்டரைத் திட்டினேன். பாறை தெரியவில்லை, அத்திம்பேர். மரம் மறைக்கிறது. ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினேன். பையன்கள் பனையோலையில் உப்புமா தின்ற இடத்தில் இப்போது நிழல். நாங்கள் அடுக்கின கல்லெல்லாம் மண்ணுக்குள் போய், ஓடைகள் தூர்ந்து, காலடியில் சருகு. ஐப்பசியில் கட்டின கயிறுகள் வெளுத்துப் போய் மரம் மரமாக இருக்கின்றன. சில மரங்களில் முடிச்சை ரிப்பன் கட்டுகிற மாதிரி அழகாகப் பூப் போட்டுக் கட்டியிருந்தான். பையனுக்குக் கை நன்றாகத் தேறிவிட்டது. பையோடு நான் நட்டு மறுபடி தோண்டின வேம்பு எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாமே என்னைவிட உயரம். யாரும் பக்கத்தில் இல்லை என்பதால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

மொக்கைச்சாமிக்குத் தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, கைக்குழந்தையாயிருந்த பையன் இப்போது என் தோளுயரம் நிற்பதைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் துப்பறிகிற தோரணையில், அனந்தராமன் இங்கே வந்தால் யாரைப் பார்க்க வருகிறான் என்று கேட்டேன்.

“மரத்தத்தான் பாக்க வாராரு. வேற யாரப் பாக்க?” என்றவர், ஒரு மாதிரி சிரித்து, “ஏன், ஒங்களுக்குத் தெரியாதாய்யா?” என்றார்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத உத்தியோகம் நம்முடையது. “எல்லாம் தெரியும்” என்றேன். அவர் சிரித்தது என் தொப்பையைப் பார்த்து என்று நினைக்கிறேன். எழுபத்தாறில் அது இல்லை. கிளம்பும்போது அவர் சம்சாரம் பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டின ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, “வீட்டுல குடுத்துருங்கய்யா, சொன்னாத் தெரியும்” என்றாள். தட்டையாக, விறைப்பாக இருக்கிறது. அப்பளம்தான். பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பாதியை உங்களுக்குப் பார்சலில் அனுப்புகிறேன்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். அந்த ஊரில் பையனுக்கு மரங்களைத் தவிர வேறு உறவு கிடையாது. பெண் வாசனையே கிடையாது. ஒரு தரம் சொன்ன வார்த்தைக்காக வருஷா வருஷம் கான்பூரிலிருந்து வருகிறவன், உங்கள் பெண்ணுக்கு ஒரு வார்த்தை கொடுத்தால் என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிலாய் பையன் ஒரு செடிக்காவது தண்ணீர் ஊற்றியிருப்பானா என்று விசாரியுங்கள். ஒரே ஒரு சங்கடம், இவனைக் கட்டிக்கொள்கிறவளும் ஐப்பசி தோறும் அங்கே வெறுங்காலோடு ஏற வேண்டியிருக்கும், பிறக்கிற பேரனுக்கும் அந்தக் கடன் உண்டு. ஜானுவுக்கு இதெல்லாம் திடீரென்று சொன்னால் பயந்துவிடுவாள். ஒரு வாரமாகவே குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. சாம்பாரில் உப்பில்லாததைக்கூடச் சொல்லவில்லை. எனவே அவளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். தக்க சமயம் பார்த்து நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். என் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாமல் நடக்காது.

அக்காவுக்கு என் நமஸ்காரமும், முழங்காலுக்கு ஸ்யாமளா சொல்லும் நொச்சி இலை ஒத்தடமும். உங்கள் இருவர் ஆசீர்வாதத்தையும் வேண்டி, கொல்லையில் கிணற்றடியில் மறைந்து உட்கார்ந்து இதை எழுதும்,

உங்கள் அன்புள்ள மைத்துனன்
பட்டாபி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ஸ்யாமளா பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். அப்பளம் அனுப்புவதற்கில்லை. உள்ளே இருந்தது ஒரு ஜோடி கோலாப்பூர் செருப்பு. உள்பக்கம் உங்கள் கையெழுத்தில், சிவப்பு மையில், ‘ஜானுவுக்கு’ என்று எழுதியிருப்பது இன்னும் அழியவில்லை. மேலே ‘பெண் வாசனையே கிடையாது’ என்பது முதல் ‘எனக்குத் தெரியாமல் நடக்காது’ என்பது வரை உள்ள வரிகளைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். போன ஐப்பசியில் சரிவில் ஏறும்போது கழற்றி விட்டவள், இறங்கும்போது மழை வந்து, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறாள். கூட ஸ்யாமளாவும் போயிருக்கிறாள். ஜாதகம் திண்டுக்கல் சித்தப்பா மூலமாகத் தானாக வரவில்லை. எல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டேன். “பத்து வருஷமா அவனுக்குக் காபி குடுக்கறது நான். தூங்கறது நீங்க” என்றாள்.

நிலைப்படியில் நின்றிருந்த ஜானு கேட்டது ஒன்றே ஒன்று. “மாமா, ஓடைக்குப் பக்கத்துல ஒரு இலுப்பை வாடிண்டிருந்ததே, துளிர்த்துடுத்தா?” நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? துளிர்த்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். முகூர்த்தத்தை வைகாசியிலோ ஆனியிலோ உங்கள் சௌகரியப்படி வைத்துக்கொள்ளலாமாம், ஐப்பசியில் மட்டும் வேண்டாமாம். அப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரில் இருக்க மாட்டார்களாம். பிலாய்க்கு நீங்களே எழுதிவிடுங்கள். நான் அவசரமாக மேலக்கோபுர வாசலுக்குப் போய் அந்த ரப்பர் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.